வாங்காத சிகரெட்

சிகரெட்டை விடச் சொல்லி நோயாளிகளைத் திட்டுவதில் லுவோ டாக்டரை மிஞ்ச எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. திட்டி முடித்த கையோடு மாடிப்படிக்குப் போய், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தானும் ஒன்று பற்றவைப்பார். நுரையீரலை அறுக்கிற மனுஷன். "கறுத்துப்போனதை அறுத்து எடுத்துட்டு வந்து எப்படி டாக்டர் உள்ள இழுக்கறீங்க?" என்று கேட்டால், "பாத்ததை மறக்கத்தான் மெங் அக்கா" என்பார். நான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் குணமாகிவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இவரிடம் மட்டும் என் வாய் எடுபடவில்லை.

கடைசியில் ஒரு பஸ் டிரைவர்தான் அவரை விடவைத்தார். ஆபரேஷன் முடிந்து நன்றாக வீட்டுக்குப் போனவர், மறு வருடம் திரும்பி வந்தார். நெஞ்சைத் திறந்து பார்த்து அப்படியே தைத்து மூடத்தான் முடிந்தது. "விடச் சொன்னேனே, ஏன்யா விடல?" என்று லுவோ கேட்டார். அந்த ஆள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க படிக்கட்டுல நின்னு பிடிக்கறதை கட்டில்லேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன் டாக்டர். எல்லாம் தெரிஞ்சவரே பிடிக்கறாரு, பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்றார்.

அன்று மதியம் லுவோ லைட்டரைக் குப்பைக்கூடையில் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, உண்மையாகவே விட்டார். எரிந்து எரிந்து விழுந்தார், கோட்டுப் பையில் சூரியகாந்தி விதையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கொறித்தார், நான் பெருக்கவைத்த தரையெல்லாம் தோல். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் தியான் வந்தார். ஊருக்கு வெந்நீர்க் குழாயில் சூடு அனுப்புகிற கொதிகலன் கூடத்தில் கரி அள்ளிப்போட்டே வயதானவர். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஓர் இலந்தைப்பழ அளவில் கட்டி. வேறெங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்தால் பிழைத்துவிடுவார், எடுக்காவிட்டால் போய்விடுவார். எங்களுக்கு இவ்வளவு சுத்தமான கேஸ் எப்போதாவதுதான் வரும்.

மகன் ஹாய்போ லாரி ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு எல்லா மகன்களும் கேட்பதைத்தான் கேட்டான். "அப்பாகிட்ட மட்டும் புத்துநோய்னு சொல்லிடாதீங்க டாக்டர். பழைய டி.பி. தழும்பு, எடுத்துட்டா இருமல் நிக்கும்னு சொல்லிடுங்க." அப்படியே சொன்னோம். எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், டாக்டர் முகம் மாறாமல் பொய் சொல்வார், பக்கத்தில் நின்று நான் தலையாட்டுவேன். அப்படி எத்தனை பேருக்குத் தலையாட்டியிருக்கிறேனோ.

ஆபரேஷனுக்கு முன்னால் தியானும் சிகரெட்டை நிறுத்த வேண்டியிருந்தது. முதலில் முறைத்தார். "நீங்க சொல்லுவீங்க டாக்டர். நீங்க விடுங்க பாப்போம்."

"விட்டுட்டேன் அண்ணே. மெங் அக்காவைக் கேளுங்க" என்று லுவோ ஒரு கை விதையை அவர் மடியில் கொட்டினார்.

"இது என்ன, கோழித்தீனியா?"

"கோழி இருமி பாத்திருக்கீங்களா?"

கிழவர் சிரித்துவிட்டார். அதற்குப்பின் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கொறித்தார்கள். லுவோ வார்டுக்குள் வந்தால் முதலில் தியான் அவர் விரலை முகர்ந்து பார்ப்பார். "சுத்தம். நானும் சுத்தம்" என்பார். அந்த டாக்டரை நான் அதுவரை அவ்வளவு மதித்ததில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை ஹாய்போ டாக்டரின் அறைக்கு வந்தான். புதுச் சட்டை, தலை படிய வாரியிருந்தான். நல்ல சிகரெட்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறான். ஒன்றை உருவி இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து நீட்டினான். டாக்டர் அதை வாங்கினால், பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டாலும் போதும், 'உன் காரியத்தை நான் எடுத்துக்கொண்டேன்' என்று அர்த்தம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

"இப்பல்லாம் தொடறதில்லப்பா" என்றார் லுவோ.

ஹாய்போ மறுபடி நீட்டினான். முதலில் மறுப்பதும் மரியாதைதானே. லுவோ தலையசைத்தார். மூன்றாவது தடவையும் நீட்டினான். லுவோ தன் உள்ளங்கையால் அந்தக் கையை மூடித் தள்ளி, "வேணாம். நாளைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும், போய் அப்பாகூட இரு" என்றார்.

அவன் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரைப் பிடித்தேன். "வாங்கி காதுல வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"காதுல வச்சுக்கிட்டு தியான் முன்னாடி போய் நிக்கவா? அந்த பஸ் டிரைவரை மறந்துட்டீங்களா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் வேறொரு ஆபரேஷனுக்குப் போய்விட்டார். நான் வார்டுக்கு ஓடினேன்.

ஹாய்போ மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். தியான் தொப்பியைப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். "தழும்புதானேம்மா, வசந்தம் வந்ததும் பாத்துக்கலாங்கறான்" என்றார். மகனை நடைபாதைக்கு இழுத்துப் போனேன்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? அவர் சிகரெட்டை விட்டுட்டாருடா. அவ்வளவுதான். உங்கப்பா பிழைப்பாரு."

"அக்கா, அப்பாகிட்ட தழும்புன்னு இதே முகத்தோடதானே சொன்னீங்க?" என்றான். கோபமில்லை. அழுதுகொண்டிருந்தான். "நாங்க கேட்டா பொய் சொல்றவங்க, கேக்காமயும் சொல்லுவீங்க. வாய் என்ன வேணா சொல்லும். கை வாங்கல. அவருக்கு மனசாட்சி இருக்கு, ஆகாத கேஸுக்கு வாங்க மாட்டேன்னுட்டாரு. அப்பாவை எதுக்கு வீணா கிழிக்கணும்?"

கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். போடவில்லை. லுவோ ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லுவோ காரை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். பனியில் வழுக்கிக்கொண்டே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தியான் சூடேற்றிய மண் படுக்கைமேல் கால் மடக்கி உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மருமகளை முட்டைக்கோஸ் ஊறுகாயும் பன்றிக் கறியும் போட்டுக் கொதிக்கவைக்கச் சொன்னார். ஹாய்போவின் முகம்தான் இன்னும் இருண்டது. இவ்வளவு பெரிய டாக்டர் வீடு தேடி வருகிறார் என்றால் அதற்கு அவன் மனதில் ஒரே காரணம்தான்: அப்பாவுக்கு நாள் நெருங்கிவிட்டது.

"தியான் அண்ணே, உங்களுக்கு இருக்கறது..." என்று லுவோ ஆரம்பித்தார். ஹாய்போ அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "கால்ல விழறேன் டாக்டர்" என்று காதோடு சொன்னது எனக்கே கேட்டது.

லுவோ அந்தப் பேச்சை விட்டார். பிறகு ஹாய்போவின் சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டைத் தானே எடுத்தார், ஒன்றை உருவினார், பற்றவைத்து ஆழமாக இழுத்தார். "பாத்துக்க. வாங்கிக்கிட்டேன். உன் காரியத்தை எடுத்துக்கிட்டேன். நாளைக்கே கூட்டிட்டு வா" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஹாய்போ அவரைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். "எங்க மனசைத் தேத்தத்தானே இதை வாங்கினீங்க டாக்டர்" என்றான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

படுக்கைமேலிருந்து தியான் இதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கையிலிருந்த விதையைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டார். "உங்களாலயும் முடியல பாருங்க டாக்டர்" என்றார். குரலில் ஏளனம் இல்லை, சோர்வுதான் இருந்தது. "அப்ப நான் மட்டும் எதுக்குக் கிடந்து அல்லாடணும்? ஹாய்போ, எனக்கும் ஒண்ணு குடுடா."

மகன் பற்றவைத்துக் கொடுத்தான். டாக்டரும் நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்து புகைத்தார்கள். கறி கொதித்து இறக்கிவைத்தும் எங்களுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

தியான் மறு வருடக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். எலும்புக்குப் பரவி, மூச்சுக்குத் தவித்து, வலியில் கத்தி. காரியமெல்லாம் முடிந்து ஹாய்போ கறுப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் லுவோ முன்னால் இடுப்புவரை குனிந்தான்.

"அப்பா கடைசிவரைக்கும் சொந்தப் படுக்கையில இருந்தாரு டாக்டர். உடம்புல ஒரு கத்தி படல. வேற டாக்டரா இருந்தா சிகரெட்டை வாங்கி வச்சுக்கிட்டு அவரைக் கிழிச்சுப் போட்டிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் எங்களை ஏமாத்தல."

நான் வாயைத் திறந்தேன். ஒரே வாக்கியம்தான், நாக்கு நுனியில் நின்றது. லுவோ என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. மூடிக்கொண்டேன்.

"ஆமாப்பா" என்றார் லுவோ. "அதுக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. பக்கத்தில் நின்று நான் தலையாட்டினேன்.