சூரியப் பவளம் வாய் திறக்கவில்லை

1

மார்ச் ஒன்பதாம் தேதி மாலை, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையில், இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை தொடங்கியது.

பல் என்னுடையது. கதை என்னுடையதல்ல, வைத்தியம் பார்த்த டாக்டருடையது. அதை அவர் சொன்ன நேரமெல்லாம் என் வாயில் பஞ்சும், எச்சில் உறிஞ்சும் குழாயும், சில சமயம் அவருடைய இரண்டு விரல்களும் இருந்தன. ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. "ம்" என்றும் "ம்ம்?" என்றும் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். ஆகவே வாசகரே, இந்தக் கதையில் விவரம் துல்லியமாக இருக்கும் இடமெல்லாம் அவர் சொன்னது. அழகாக இருக்கும் இடத்தில், கேட்க முடியாமல் போன கேள்விக்கு நானே பதில் எழுதிக்கொண்டேன் என்று சந்தேகப்படுங்கள்.

2

தொடக்கங்கள்.

"பவளம் என்பது செடியல்ல, கல்லுமல்ல, அது ஒரு" – பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

"அவள் ரயிலேறிய பிறகு அந்த வீட்டில் இருந்த ஒரே உயிர்" – பொய். மீன்கள் இருந்தன. அவரும் இருந்தார்.

மூன்றாவது இது. டாக்டரின் மனைவி பாலம் கட்டும் நிறுவனத்தில் பொறியாளர். ஆறு மாத வேலையாக வேறு ஊருக்குக் கிளம்பியபோது, கணவரைக் கூடத்திலிருக்கும் கண்ணாடித் தொட்டியின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மீனுக்கு யார் வேணா தீனி போடலாம். இந்தச் சூரியப் பவளம் அப்படி இல்ல. இதுல இருக்கற ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியா ஊட்டணும்."

"தினமும் ஊரார் வாய்க்குள்ளதான் என் பொழைப்பே நடக்குது. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னு சொல்லித்தான் கார் இன்சூரன்ஸ் போச்சு. எங்கம்மா கண் ஆபரேஷனுக்கு நான் மட்டும் தனியா நின்னேன்."

"இதைப் பாத்துக்கறேன்."

"இது ஒண்ணையாவது."

[இந்த இடத்தில், "நான் வரும்போது இது திறந்திருந்தால்தான் நானும் இந்த வீட்டில் இருப்பேன்" என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். யாரும் கதைக்கு அவ்வளவு தோதாகப் பேசுவதில்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.]

[இன்னொன்று. டாக்டரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதுவது எனக்கே உறுத்துகிறது. இருவரும் 'அவர்' என்றால் யார் ஊட்டினார், யார் மறைத்தார் என்று உங்களுக்குக் குழம்பும். இருவரையும் ஒருமையில் எழுதலாம்தான். கையில் ஊசியோடு நிற்பவர் விஷயத்தில் அந்தத் துணிச்சல் வரவில்லை.]

3

திறந்திருக்கும்போது சூரியப் பவளம் ஒரு கைப்பிடியில் அடங்கும் மஞ்சள் கொண்டாட்டம். ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மஞ்சள் விரல்கள் விரிந்து ஆடும். மூடிக்கொண்டால் வேறு பொருள். டாக்டர் கண்ணுக்கு அது வீங்கிய ஈறு.

அவள் போன முதல் வாரத்திலேயே அவர் தப்பு செய்தார். பெயரில் சூரியன் இருக்கிறதே என்று, பாறை நிழலில் இருந்ததை எடுத்து விளக்குக்கு நேர் கீழே வைத்தார். அவள் ஊட்டியது மாலையில். அவருக்கு ஒழிந்தது மதியம். உறைந்த பொடி இறாலைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, வேர்க்குழாய் கழுவும் வளைந்த ஊசிக்குழலில் ஏற்றி, மூடியிருந்த வாய்களின்மேல் பீய்ச்சினார். ஒன்றும் திறக்கவில்லை. மீன்கள் வந்து தின்றன. மிச்சம் அழுகித் தண்ணீர் கலங்கியது. பவளத்தின் மேல்புறம் பாசி ஏறியது.

இரவு அவள் வீடியோவில் வந்தாள்.

"திறந்துச்சா?"

"இப்பதான் ஊட்டினேன். சாப்பிட்டு மூடிக்கிச்சு."

"நிழல்லதானே இருக்கு?"

"ஆமா."

"பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க. அதுக்கு வெயிலே வேணாம். சாப்பாடுதான்."

"எனக்குத் தெரியாதா?"

அந்த நொடிவரை தெரியாது. அழைப்பு முடிந்ததும் சட்டைக் கையோடு தொட்டிக்குள் கைவிட்டுப் பவளத்தைப் பழைய இடத்துக்கு மாற்றினார். பிறகு மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த சிறு கண்ணாடியைத் தண்ணீருக்குள் நுழைத்து அடிப்பக்கம் பார்த்தார். ஓரங்களில் ஆரஞ்சுச் சதை பின்வாங்கி, வெள்ளை எலும்பு தெரிந்தது.

"ஈறு இறங்கிடுச்சு, சார்," என்றார் என்னிடம்.

"ம்ம்?" என்றேன், நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு.

"உங்களுக்கு இல்ல."

4

இரண்டாவது அமர்வு. அவள் ஒரு வார விடுப்பில் வருவதாகச் சொல்லிவிட்டாள். அந்த ஊரிலேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்களாம், வந்து பேசிக்கொள்ளலாம் என்றாளாம். பவளம் அப்போதும் மூடியே கிடந்தது.

"அதே சைஸ்ல வேற ஒண்ணு வாங்கி வெச்சிட்டா தெரியுமா, சார்? பல்லு போனா இன்னொண்ணு கட்டறோம். யாருக்குத் தெரியுது?"

"போட்டுக்கிட்டவங்களுக்குத் தெரியும், டாக்டர்," என்றார் உறிஞ்சுகுழாய் பிடித்திருந்த சிஸ்டர். "அவரு எச்சிலை முழுங்கட்டும், கொஞ்சம் கையை எடுங்க."

[மனைவியை நான் நம்பும்படி எழுதவில்லை என்பது தெரியும். இதில் அவள் கைபேசித் திரை அளவுக்குத்தான் வருகிறாள். அவள் கட்டும் பாலத்தின் உயரம்கூட எனக்குத் தெரியாது. ஒருதரப்பு வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிற வேலை இது.]

ஊசி போட்டுப் பஞ்சு வைத்தபின், "மரத்துப் போகட்டும்," என்று டாக்டர் பின்னால் சாய்ந்தார். வழக்கமாக இந்த நேரத்தில்தான் அவர் பேசுவது. அன்று பேச்சு பாதியில் நின்றது.

"அவ டீ குடிப்பா, சார்."

"ம்?"

"இறால் கரைச்ச தண்ணியை மட்டும் முதல்ல ஊத்துவா. அப்புறம் தொட்டி முன்னாடி உக்காந்து டீ குடிப்பா. அவ அக்காகிட்ட போன்ல ஊர்க்கதை பேசுவா. 'அதுக்கு ஊட்டறியா, நீ குடிக்கறியா'ன்னு நான்கூடக் கிண்டல் பண்ணியிருக்கேன். அது டீ இல்ல, சார். வாசம் போய்ச் சேரணும். சாப்பாடு வருதுன்னு அது நம்பணும். அதுக்குத்தான் உக்காந்திருக்கா."

மரத்துப்போகக் காத்திருக்கத் தெரிந்த மனிதர். என் ஈறைக் குத்திப் பார்த்தார். எனக்கு வலித்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம்.

5

மூன்றாவது அமர்வுக்கு முன் சிஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "டாக்டர் இனிமே சாயங்காலம் உக்கார மாட்டாரு, சார். மதியம் வாங்க."

போனேன். அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேர்க்குழாய்களைக் கழுவினார், அடைத்தார், எக்ஸ்ரே எடுத்தார். ஆகவே இந்தப் பகுதி முழுக்க என் கற்பனை.

மாலை. அடி அறுத்த ஒரு பாட்டிலை மீன் நுழையாமல் பவளத்தின்மேல் கவிழ்த்திருக்கிறார். மூடியைத் திறந்து இறால் தண்ணீரை ஊற்றுகிறார். டீ போட்டுக்கொண்டு வந்து அவள் நாற்காலியில் உட்காருகிறார். கூப்பிட்டுப் பேச அவருக்கு அக்கா இல்லை. கைபேசியை எடுத்து, வாடிக்கையான மீன்தொட்டிக் கடையில் இன்னொரு சூரியப் பவளம் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்கிறது. அதே அளவு. டீ ஆறுகிறது. பவளம் ஈறாகவே இருக்கிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், அடிப்பக்கம், நிழலுக்குள், ஒரு மஞ்சள் விரல் மெல்ல

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. வாக்கியத்தை அங்கேயே விட்டிருக்கிறேன்.

6

முடிவுகள். மூன்று எழுதி வைத்தேன்.

ஒன்று: கடையிலிருந்து வந்த பவளம் திறக்கிறது. அவள் அதன்முன் டீ குடிக்கிறாள். கண்டுபிடிக்கவில்லை. இதுதான் இருப்பதிலேயே பயங்கரமானது. அவர் ஆயுள் முழுக்க அதற்கு ஊட்ட வேண்டும்.

இரண்டு: அவள் கதவைத் திறக்கும் அதே கணம் எல்லா வாய்களும் மலர்கின்றன. கூச்சமாக இருக்கிறது. கிழித்துவிட்டேன்.

மூன்று: அவள் வரவே இல்லை. எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. டாக்டர்மேல் எனக்குப் பற்று வந்துவிட்டதுதான் காரணம். எழுதுகிறவனுக்கு அது நல்லதல்ல.

7

கடைசி அமர்வு, மதியம். பல்லுக்குத் தொப்பி மாட்டும் நாள். அவள் மறுநாள் காலை வருகிறாள். தொப்பியில் பசை தடவிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"மேடம், டாக்டர்," என்றார் சிஸ்டர்.

"கையில கிளவுஸ். ஸ்பீக்கர்ல போடுங்க."

"கிளம்பிட்டேன்," என்றது குரல். பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு. "நேத்து ஊட்டியாச்சா?"

அவர் கையில் என் பல். அவர் மூக்குவரை முகமூடி. எனக்குத் தெரிந்தது கண்கள் மட்டும். அவை என்னைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தன.

"மேல்பக்கம் போயிடுச்சு," என்றார். "நான்தான் வெளிச்சத்துல வெச்சேன். பட்டினியும் போட்டுட்டேன். சாப்பிட்டு மூடிக்கிச்சுன்னு சொன்னதெல்லாம் பொய். அடியில மூணு வாய் மட்டும் திறக்குது. நேத்து மூணுக்கும் ஊட்டினேன். நீ அங்கேயே இருக்கறதா இருந்தாலும் வந்து பாத்துட்டுப் போ. அங்க இருக்க வேணாம்னுதான் சொல்றேன்."

பிறகு அவள் ஏதோ சொன்னாள். ஒரு வாக்கியத்துக்கு மேல் இருக்காது. சரியாக அப்போது, வாயில் எச்சில் சேர்ந்துவிட்டது என்று சிஸ்டர் உறிஞ்சுகுழாயைப் போட்டார். என் தலைக்குள் அந்தச் சத்தம்தான் இருந்தது.

அந்த வாக்கியம் என்னிடம் இல்லை. உங்களுக்கு ஒன்று தோன்றினால் இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

அழைப்பு முடிந்தது. அவர் தொப்பியை மாட்டி, விரலால் அழுத்திப் பிடித்தார். பசை இறுகக் காத்திருந்தோம். பஞ்சை எடுத்தார், குழாயை எடுத்தார். முதல் அமர்விலிருந்து எண்ணினால், அவர் எதிரில் என் வாய் காலியாக இருந்தது அப்போதுதான். கேட்டிருக்கலாம்.

"கடிச்சுப் பாருங்க, சார். உயரமா இருக்கா?"

"இல்ல," என்றேன்.

இரண்டு மணி நேரம் அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்றார். நான் மெல்லவில்லை.