கிளாசுக்கு மேலே ஒரு துண்டுப் பாண்

ரஷ்யாவுக்குப் போகப் போகிறேன் என்று நான் சொன்னபோது, கனடாவில் எங்கள் ரெக்ஸ்டேல் வீட்டுக் குசினியில் குழம்பு துழாவிக்கொண்டிருந்த என் மனுசன் கிறிஸ்துநாயகம் திரும்பியும் பார்க்கவில்லை.

"உமக்கென்ன விசரே, கிளடிஸ்? அஞ்சு வருசமாச்சு. பெடியன்ரை ஆன்மாவுக்கெண்டு ஒரு பூசை குடுத்துப்போட்டு இருப்பம்."

"செத்தவைக்குக் குடுக்கிற பூசையை உயிரோடை இருக்கிறவனுக்குக் குடுக்கிறதோ?"

"இருந்தா போன் எடுத்திருப்பானே."

எங்கள் மகன் பேனாட் கடைசியாகப் போன் எடுத்தது தொண்ணூற்றிரண்டில், பெத்ரோசவோட்ஸ்க் என்ற ஊரிலிருந்து. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் அவனை மொஸ்கோவரை கொண்டுபோய், அங்கிருந்து வடக்கே ரயிலில் ஏற்றிவிட்டிருந்தான். "அம்மா, கடல் மாதிரி ஒரு ஏரி. ஆனா உப்பில்லை" என்றான் பிள்ளை. அதோடு சரி. கனடாப் பாஸ்போட் கைக்கு வந்ததும் அந்த ஏரிக்கே போய் விசாரிக்க வெளிக்கிட்டுவிட்டேன்.

மொஸ்கோவில் ஏறிய ரயிலில் எங்கள் பெட்டிக்குப் பொறுப்பான மனுசியின் பெயர் தமாரா. நல்ல உடம்புக்காரி, சிரிக்கமாட்டாள். பெரிய பட்டினங்கள் வந்தால் நான் இறங்கி, அவித்த உருளைக்கிழங்கு விற்கிறவர்களிடம் பேனாட்டின் படத்தைக் காட்டிவிட்டு ஓடிவந்து ஏறுவேன். மற்ற நேரமெல்லாம் யன்னலில் மரம், மரம், பிறகும் மரம். கதைக்க ஒரு சீவன் இல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும், அது எனக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்று. கடைசியில் படத்தோடேயே கதைக்கத் தொடங்கினேன்.

அதைக் கண்டுதான் தமாரா வந்தாள். படத்தைக் காட்டி, பிள்ளையைத் தாலாட்டுவது போலக் கையை ஆட்டினாள். மகனா என்று கேட்கிறாள்.

"ஓம், என்ரை மகன்."

பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து இதயம் துடிப்பது போலத் தட்டிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

"ஓம், ஓம், இருக்கிறான்!" எங்கள் ஆட்கள் ஆட்டுகிற மாதிரியே தலையை அங்கும் இங்கும் ஆட்டினேன்.

அவளுடைய முகம் வாடிவிட்டது. எங்களுக்கு மாறாக, வலது தோளை முதலில் தொட்டுச் சிலுவை போட்டாள். போய், தண்ணீர் மாதிரி ஏதோ நிறைந்த ஒரு சின்னக் கிளாசோடு வந்து, படத்தை யன்னலில் சாய்த்து, அதன் முன்னால் கிளாசை வைத்து, மேலே ஒரு துண்டுக் கறுப்புப் பாணையும் வைத்தாள். பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்துத் தருகிறாளாக்கும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பட்டினத்தில் ஏறிய ஒரு ரீச்சருக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் தெரிந்திருந்தது. தமாராவோடு ஏதோ கதைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"உங்கள் மகன் எப்போது இறந்தார்?"

"ஆர் சொன்னது?" எனக்கு முதலில் தமிழ்தான் வந்தது. பிறகு இங்கிலிஷில் கேட்டேன்.

"கிளாசின் மேல் பாண் வைப்பது இறந்தவர்களுக்குத்தானே? உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டதற்கு, இல்லை என்று நீங்கள் தலையாட்டினீர்களாம்."

கிளாசையும் பாணையும் படத்தையும் தூக்கிக்கொண்டு தமாராவின் அறைக்கு ஓடினேன். என் தாடையைக் கையால் பிடித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். "இருக்கிறான்! இருக்கிறான்!"

தமாரா கிளாசை வாங்கி, அதிலிருந்த சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தாள். படத்தை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள்.

பெத்ரோசவோட்ஸ்கில் எனக்கு முன்னே அவள்தான் குதித்து இறங்கினாள். மீன் விற்கிறவர்கள், போர்ட்டர்மார், பொலிஸ்காரன், ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள், அங்கும் இங்கும். அந்தத் தலையாட்டல் இப்போது எனக்கு நன்றாக விளங்கியது.

ரயில் கூவியது. தமாரா படத்தைத் திருப்பித் தந்து, என்னை ஒருதரம் கட்டிப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டாள். நான் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றேன்.

வழி கேட்டுக் கேட்டு ஏரிக்கரைக்குப் போனேன். குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. உப்பில்லை.

ரெக்ஸ்டேலுக்குத் திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு வெளிக்கிடும்போது மனுசன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"அப்ப, பூசைக்குக் குடுப்பமோ?"

"குடுங்கோ. பிள்ளையின்ரை சுகத்துக்கெண்டு குடுங்கோ."

"இன்னும் இருக்கிறான் எண்டுதான் நினைக்கிறீரோ?"

நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

"உது என்ன புதுத் தலையாட்டல்?" என்றார் அவர்.