ஏழாம் நம்பர் மலையில் ஒரு மறைப்பு

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வடிவம்மா மயங்கி விழுந்தபோது லிங்கம் இருபதடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவர் அந்த ஏழாம் நம்பர் மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. அவளுடைய புருஷனும்கூட. ஓடிவந்து நெற்றியைத் தொட்டால் கை சுட்டது. கொழுந்து ஏற்றும் லொறியில் பசறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள்.

மகள் கம்சலாவுக்குப் பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை. சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவள்தான் டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். சிறுநீரில் கிருமி. கண்டுகொள்ளாமல் விட்டதில் அது சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது.

"அம்மா தண்ணியே குடிக்கிறதில்லையாம்ப்பா. ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. இன்னைக்கு நேத்து இல்ல, பல வருசமா."

"ஏன் அப்படி?"

"மலையில எங்கப்பா போறது?"

லிங்கம் பதினெட்டு வருடமாக அந்த மலைகளில் பெண்களுக்குப் பின்னால் நிற்கிறார். யார் எந்த நிரையில் நிற்கிறாள், யார் முற்றிய இலையைப் பறிக்கிறாள் என்பதெல்லாம் தூரத்தில் இருந்தே அவருக்குத் தெரியும். காலையில் இருந்து சாயங்காலம் வரை அவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. அவருக்கு அவசரம் வந்தால் பக்கத்தில் ஏதாவது ஒரு மரம் இருக்கும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே வடிவு."

"மலையில நீங்க கங்காணி. அத்தன பேருக்கு முன்னால ஒங்ககிட்ட வந்து என்னான்னு கேக்குறது?"

"வீட்டுல சொல்லியிருக்கலாம்."

"வீட்டுல எங்கங்க நேரம்?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு மலைக்கு வருவாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினால் அடுப்படி. அந்த நேரத்தில் லிங்கம் முகம் கழுவிக்கொண்டு கோயிலடிக்குப் போய்விடுவார். சோற்றுக்குத்தான் திரும்பி வருவார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் அவரே சமைத்துச் சாப்பிட்டார். சோறு அடிப்பிடித்தது. அதைவிட, வேலை முடிந்து வந்து இன்னொரு வேலையைத் தொடங்குவதுதான் அவருக்கு மலைப்பாக இருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் மலையில் நல்லம்மாவிடம் போனார். கொழுந்தெடுப்பவர்களில் மூத்தவள் அவள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தார்.

"நீங்கள்லாம் எங்க ஒதுங்குவீங்க?"

நல்லம்மா கொழுந்து பறிப்பதை நிறுத்தவில்லை. "மேல ரோட்டோரத்துல ஆம்பளைங்க செடிய மட்டமா கவ்வாத்து வெட்டுறாங்க. கீழ நீங்க நிக்கிறீங்க. நடுவுல நாங்க. எங்கன்னு நீங்களே சொல்லுங்க கங்காணி. மாசத்துல அந்த மூணு நாளு இன்னும் மோசம். நாங்க யாருமே தண்ணி குடிக்கிறதில்ல. வடிவு விழுந்துட்டா. மத்தவங்க இன்னும் விழல, அவ்வளவுதான்."

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் லிங்கம் தோட்டத்து உதவி மேனேஜரான சின்ன துரையிடம் பேசினார். மலையில் ஒரு கக்கூஸ் வேண்டும் என்றார். எழுதிக் கொடுங்கள், மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார் துரை. நின்றிருந்த ஆண்கள் சிரித்தார்கள். நல்லம்மாவின் புருஷன், கவ்வாத்துக்காரன் நல்லையா, "கங்காணி இனிமே கக்கூஸ் கங்காணியாகப் போறாரு" என்றான். லிங்கத்துக்கு முகம் சிவந்துபோனது.

மேலிடத்தில் இருந்து பதில் வரவில்லை. லிங்கம் வேலி கட்டி மிச்சமிருந்த பழைய தகரங்களைத் தேடி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டலாம் என்று இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் வரவில்லை. வந்தது நல்லையா. வீட்டில் நல்லம்மா அவனிடம் என்ன சொன்னாளோ, இரண்டு தகரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, பேசாமல் மண்வெட்டியை வாங்கி வெட்டத் தொடங்கினான். சாயங்காலத்துக்குள் நான்கு கம்பும் தகரச் சுவரும் ஒரு கதவுமாக மறைப்பு ஒன்று எழுந்தது.

ஒரு வாரமாகியும் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. லிங்கத்துக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்தும் என்ன பிரயோசனம் என்று நல்லம்மாவிடம் கேட்டார்.

"நீங்க பாத்துக்கிட்டு நின்னா எவ போவா?" என்றாள் அவள்.

பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய வேலை. அதை விட்டுவிட்டு எங்கே போவது என்று அன்று முழுவதும் யோசித்தார். மறுநாள் முதல் காலையில் ஒரு தடவையும் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தடவையும் பாதை வளைவைத் தாண்டி மேலே போய், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கதவுத் தகரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

ஒருநாள் சின்ன துரை மோட்டார் சைக்கிளில் வந்து, அவர் கல்லில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினார். தூங்குவதற்கா சம்பளம் என்று கேட்டார். லிங்கம் காரணம் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அந்தக் கல்லுக்குப் போனார்.

வடிவம்மா இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ஒரு சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, மாதாமாதம் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் லிங்கம் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனார்.

மூன்றாவது தடவை போனபோது முஷ்ரிபா என்ற நர்ஸ் வடிவம்மாவுக்குப் பிரஷர் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்களும் கையை நீட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் தொணைக்கு வந்தவன்."

"சும்மா நீட்டுங்க."

இரண்டு தடவை பார்த்தாள். "கூடுதலா இருக்கு. தலையிடி, தலைசுத்து வாறதா?"

"அப்பப்ப வரும்."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

வடிவம்மா சட்டென்று திரும்பினாள்.

"நித்திரை வருமா?"

லிங்கம் இல்லையென்று தலையாட்டினார்.

"துணைக்கு வந்ததால மாட்டிக்கிட்டீங்க. ஆம்பளைங்க தானா வந்து காட்டுறது கொறைவு" என்று சொல்லிக்கொண்டே முஷ்ரிபா அவர் பெயரைக் கேட்டு எழுதினாள்.

வெளியே வந்து பஸ் ஏறினார்கள். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வடிவம்மா கேட்டாள்.

"பக்கத்துல படுத்திருக்கிற எனக்கே தெரியாதே. ஏங்க சொல்லல?"

"கங்காணிக்குத் தலை சுத்துதுன்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? ஒங்கிட்ட சொன்னா நீ பயந்துருவ."

"இப்ப மட்டும் பயமில்லையா?"

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. லிங்கம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே, மிகவும் தணிந்த குரலில், சின்ன துரை ஏசியதைச் சொல்லத் தொடங்கினார். பெண்களுக்கு முன்னால் தலை குனிந்து நின்றதைச் சொன்னார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்றார்.

"அது எனக்குத் தெரியும். நல்லம்மா அன்னைக்கே வந்து சொல்லிட்டா."

லிங்கம் திரும்பிப் பார்த்தார். "நீ ஒண்ணும் கேக்கலையே."

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்," என்றாள் வடிவம்மா. "வேற என்னா இருக்கு, சொல்லுங்க."

அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். பசறைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.