சாவடிக்கு இந்தப் பக்கம்

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் எஸ்கமில்லாவுக்கு எல்லையோர ஊரான லோமா செக்காவில் உள்ள அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பது என் வேலை. அழைப்பவரின் பெயர், பின்கோடு, குடியேற்ற மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். அவருடைய நிலைப்பாட்டைக் கேட்டால், "கவனமாகப் பரிசீலித்துவருகிறார்" என்று சொல்ல வேண்டும். ஆறு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மசோதாவில் எல்லை வேலியும் கூடுதல் காவலர்களும் ஒரு பாதி. பத்து வருடம் இங்கே உழைத்தவர்களுக்குக் குடியிருப்பு அனுமதி மறு பாதி. என் அக்கா கணவர் பெத்தோ அந்த மறு பாதியில் இருந்தார். பதினான்கு வருடமாக வெங்காயக் கிட்டங்கியில் மூட்டை கட்டுகிறார், நாட்டில் இருப்பதற்கான காகிதம் கிடையாது. அவர் மகள் மரிபெல்லுக்கு அடுத்த வருடம் சான் அன்டோனியோவில் இரண்டாவது இதய அறுவை சிகிச்சை. போகும் வழியில் எல்லைக் காவல்படை எல்லோரிடமும் காகிதம் கேட்கும் உள்சாவடி. இங்கேயே பிறந்த அக்காவும் பிள்ளையும் தாண்டிவிடுவார்கள். முதல் அறுவை சிகிச்சை நடந்தபோது பெத்தோ சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு. திங்களன்று எஸ்கமில்லா வாஷிங்டனிலிருந்து வந்து என் திரையைப் பார்த்தார். பத்தில் ஒன்பது எதிர்ப்பு.

"நம்ம ஊர்லயுமா?"

"வடக்க இருக்கற பண்ணைக்காரங்கதான் நிறைய கூப்பிடறாங்க சார்."

"உங்க நோகல் தெரு?"

"அங்கேருந்து யாரும் இல்ல."

"நான் அந்தத் தெருவுல பொறந்தவன்மா. அங்க பேச வைக்க வேண்டியதில்ல, நிறுத்தறதுதான் கஷ்டம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சொல்றாங்க சார். என்கிட்ட சொல்றாங்க. சர்ச்சுல, தோர்த்தியா ரொட்டிக் கடையில."

"அதெல்லாம் எங்க?"

"ஃபோன்ல வந்தாத்தானே ஏத்தணும்?"

வீட்டில் இரண்டு முறை சொன்ன அம்மாவையும் நான் ஏற்றவில்லை. அதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விதி சரிதான். போட்டவன் நான்தான்," என்றார்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப உன்கிட்ட சொன்னதெல்லாம் காத்தோட போச்சா? நைட் காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?"

"ஆபீசுக்கு ஃபோன் பண்ணும்மா. எல்லாரையும் பண்ணச் சொல்லு."

"பக்கத்து ரூம்ல படுக்கறவளுக்கு நான் ஃபோன் பண்ணணுமாம்!"

மறுநாள் காலை முதல் அழைப்பு அவளுடையதுதான்.

"பெயர்?"

"உன்னைப் பெத்தவ."

"பெயர் சொல்லணும்மா."

"கிராசியெலா. பொண்ணுக்கு அம்மா பேரு தெரியலன்னும் சேத்து எழுதிக்கோ."

அடுத்து எல்லைக் காவல்படையில் இருக்கும் ரொகெலியோ மாமா. "வேலிக்கும் ஆதரவு, அனுமதிக்கும் ஆதரவு. நம்ம பெத்தோவை நானே புடிக்கற நாள் வந்துரக் கூடாது, அவ்வளவுதான்." தெரு முழுவதும் அழைத்தது. சிலர் எதிர்த்தார்கள், வேலி தங்கள் கொல்லையை அறுத்துக்கொண்டு போகும் என்றார்கள். அதையும் ஏற்றினேன்.

மதியத்துக்கு முன் பெத்தோ அழைத்தார். பின்னால் கிட்டங்கியின் இயந்திரச் சத்தம்.

"நெரி, ஓட்டு இல்லாதவங்க கூப்பிடலாமா?"

"இந்தத் தொகுதியில குடியிருந்தாப் போதும் மாமா."

"பேர் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"வம்பு ஒண்ணும் வராதே?"

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. "வராதுன்னு நினைக்கிறேன் மாமா. உறுதியாச் சொல்லத் தெரியல."

கிட்டங்கியில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அந்தப் பக்கம் கத்தினார்.

"நார்பெர்தோ கின்தானில்லா," என்று தன் முழுப் பெயரைச் சொன்னார். "ஆதரவு. புள்ள கண் முழிக்கறப்போ நான் அங்க இருக்கணும். அதை எழுத இடம் இருக்கா?"

இடம் இல்லை. ஆதரவு என்று மட்டும் ஏற்றினேன்.

எஸ்கமில்லா காபிக் கோப்பையோடு கதவருகே நின்றிருந்தார். "யாரு?" என்றார். பெத்தோ, மரிபெல், சாவடி, பெட்ரோல் பங்க் எல்லாவற்றையும் சொன்னேன். காபி ஆறும்வரை அவர் குடிக்கவில்லை.

"பண்ணைக்காரங்க நவம்பர் தேர்தல்ல என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க," என்றார்.

தொலைபேசி அடித்தது. வடக்கிலிருந்து ஒருவர். "உங்க ஆளோட நிலைப்பாடு என்னம்மா? இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காரா?"

"கவனமாகப்..." என்று தொடங்கினேன். எஸ்கமில்லா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆதரிக்கறார்னு சொல்லு. திட்டினா அதையும் ஏத்து."

சொன்னேன். அந்த மனிதர் நெடுநேரம் திட்டினார். முடித்ததும் பெயரும் பின்கோடும் கேட்டேன்.

பெயர் சொல்ல பெத்தோ தயங்கியதுபோல் அவர் தயங்கவே இல்லை. உடனே சொன்னார்.