சிவலை எல்லை தாண்டினாள்

எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு அரசாங்கம். கிழக்கு வேலி நகரசபைக்கு, மேற்கு வேலி பிரதேச சபைக்கு. நான் மேற்கு. என் மாடு சிவலைக்கு இந்தச் சட்டதிட்டம் ஒன்றும் தெரியாது. நிறைமாத வயிற்றோடு கிழக்கே போய்ப் புல் மேய்ந்தாள். கட்டாக்காலி என்று நகரசபைக்காரர் பிடித்துப்போய், இரண்டு தெரு தள்ளியுள்ள தங்கள் வளவில் கட்டிவிட்டார்கள்.

போனமுறை நான் பக்கத்தில் இல்லாத நேரம் கன்று செத்துத்தான் பிறந்தது.

ஓடிப்போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் சிவகுருநாதன் கதிரையை விட்டு அசையவில்லை.

"நீங்கள் எங்கட எல்லைக்குள்ள இல்லையே, அம்மா. மாடு உங்கடதுதான் எண்டு உங்கட சபையில ஒரு கடிதம் எடுத்து வாங்கோ."

"இண்டைக்கோ நாளைக்கோ கன்று போடுற மாடு, ஐயா!"

"அதையும் கடிதத்தில போடச் சொல்லுங்கோ."

நிலாவெளி பஸ்ஸில் நின்றபடியே பிரதேச சபைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் கௌசிகா தங்கமான பிள்ளை. கதிரை தந்தாள், தண்ணீர் தந்தாள், கடிதம் மட்டும் தரவில்லை.

"மாடு எங்கட எல்லைக்குள்ள நிண்டால்தான் அன்ரி, பார்த்து எழுதலாம்."

"எல்லைக்குள்ள நிண்டால் எனக்கேன் பிள்ளை கடிதம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய், எப்படியோ தவிசாளரிடம் கையெழுத்து வாங்கி வந்தாள். அதற்குள் இரண்டு மணியாகிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் சிவகுருநாதனுக்கு என்னென்ன ஏச்சுக் கொடுப்பதென்று அடுக்கிக்கொண்டே வந்தேன். ஆள் கதிரையில் இல்லை. பின்வளவில், வெள்ளைச் சட்டையெல்லாம் இரத்தமாக, மண்ணில் முழங்காலிட்டிருந்தார். மடியில் ஒரு கன்று. சட்டைப்பை லேஞ்சியால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பின்னங்கால் முதல்ல வந்திட்டுது. இழுத்துத்தான் எடுத்தனான். மூச்சு விடுது, பயப்பிடாதேங்கோ."

சிவலை கன்றையும் நக்கினாள், அவர் கையையும் நக்கினாள். அடுக்கி வைத்த ஏச்செல்லாம் எங்கே போனதோ, நான் அழுதுவிட்டேன்.

கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"இதில ஒரு மாடு எண்டெல்லே கிடக்கு. இப்ப இரண்டு."

"ஐயா!"

"பகிடிக்குச் சொன்னனான்."

கன்றைத் தூக்கிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார், சிவலையும் நானும் பின்னால். எங்கள் ஒழுங்கை வந்ததும் நானும் விடவில்லை.

"உங்கட எல்லை முடிஞ்சுது ஐயா, இறக்குங்கோ."

"இறக்க மனம் வருகுதில்லை, அக்கா," என்றவர், கொட்டில் வரைக்கும் தூக்கிக்கொண்டே வந்தார்.