தானாக இணைந்த பெயர்

1

இந்தக் கதை என் லேப்டாப்பில் வைஃபை போனதால் கிடைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு காரணம் எதுவும் இல்லை. சரிசெய்ய வந்தவர் சிவசாமி, எங்கள் பக்கத்து பிராட்பேண்ட் கடைக்காரர். வேலை முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் எப்போதோ இணைத்த வைஃபை பெயர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். திருச்சி லாட்ஜ், மச்சினன் வீடு, ஒரு கல்யாண மண்டபம்.

"அதெல்லாம் எதுக்குங்க? இருந்துட்டுப் போகட்டுமே."

"பழசு எதுவும் உள்ள இருக்கக்கூடாது சார். இப்பல்லாம் எல்லா வீட்லயும் அழிச்சிட்டுத்தான் எந்திரிக்கிறேன்."

ஏன் என்று கேட்டேன். சொன்னார்.

2

"கீரனூரில் ஒரு மாடி அறையில் பிளெஸ்ஸி நடுங்கியபடி..."

(நடுங்குகிறாள் என்று நான் எழுதினால் உங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடித்துவிட்டேன்.)

"காலை பதினோரு மணிக்கு இன்டர்நெட் போனது, அத்துடன்..."

(அத்துடன் என்ன? விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். பிளெஸ்ஸிக்கு இருபத்தொன்பது வயது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த அறிக்கைகளைக் கேட்டு டைப் செய்து அனுப்பும் வேலை. கணவன் அருள்தாஸை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளைப் பெற்றவளுக்கும் தெரியாது. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா காத்தாயி. அவளிடமும் பிளெஸ்ஸி எதையும் சொல்லியிருக்கவில்லை.

3

அன்று வைஃபை நின்றதும் பிளெஸ்ஸி கடைக்குப் போன் செய்தாள். எடுத்தவர் சிவசாமி.

"மோடத்துல எத்தன லைட் எரியுதுங்க?"

"ரெண்டு. ஒண்ணு செவப்பு."

"பிளக்கப் புடுங்கிட்டு அம்பது எண்ணுங்க. அப்பறம் சொருகுங்க."

எண்ணினாள். முப்பத்தேழுக்கு வந்தபோது லேப்டாப் தானாகவே இணைந்துகொண்டது.

"வந்துருச்சுங்க."

"அதெப்படி? பிளக்குதான் வெளிய கெடக்கே. எதுல கனெக்ட் ஆயிருக்கு? பேரப் படிங்க."

பார்த்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

'அருள் பிளெஸ்ஸி' என்று இருந்தது. கல்யாணமான வாரத்தில் அருள்தாஸ் தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்த பெயர். அவன் மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர்களிடம் மருந்து விவரம் காட்டும் டேப் கம்ப்யூட்டர் அந்த ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடும். அதனால் வேலை நேரத்தில் அதை அணைக்கவே மாட்டான். அவள் லேப்டாப்பும் அதை மறந்திருக்கவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இது ஒருத்தரோட செல்போனு. எவ்வளவு தூரத்துல இருந்தா கெடைக்கும்?"

"செல்லா? மிஞ்சிப்போனா இருவது மீட்டரு. நடுவுல செவுரு இருந்தா அதுவும் வராது. பக்கத்து வீட்டுக்காரவங்களா?"

4

இங்கே அருள்தாஸைப் பற்றி நான் எழுதியதைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. சிவந்த கண், சாராய வாடை, உரத்த குரல் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் சிவசாமி தலையை ஆட்டினார்.

"அந்தம்மா பின்னால சொன்னது அப்படி இல்ல சார். குடிக்க மாட்டாராம். சத்தமே போட மாட்டாராம்."

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் செல்போனை வாங்குவான். ஒவ்வொரு எண்ணாகக் காட்டி, "இது யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்பான். ஒருநாள் அவள் பதில் சொல்லவில்லை. பீரோ கதவில் அவள் கை இருந்தது. அவசரப்படாமல் கதவைச் சாத்தினான். பிறகு அவனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், "கதவுல மாட்டிக்கிச்சு டாக்டர்" என்றான். அவள் வலதுகைச் சுண்டுவிரல் இன்றும் மடங்காது.

(சிவந்த கண் இருந்திருந்தால் எழுதுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.)

5

ஒரு கோடாக இருந்த சிக்னல் இரண்டு கோடாயிற்று.

விவரம் தெரியாத சிவசாமி, "நெட்டு எடுக்குதுங்களா?" என்றார்.

"ஏறுது."

"நம்ம சேந்தது அவங்க செல்லுலயும் காட்டும்மா, மிஷின் பேரோட. சங்கடமா இருந்தா கட் பண்ணிருங்க."

லேப்டாப்பின் பெயரும் பிளெஸ்ஸிதான். வைஃபையை அணைக்கும் இடம் தினமும் அவள் கண்ணில் படுவது. அப்போது கிடைக்கவில்லை. மூன்றாவது கோடும் வந்தது. பவர் பட்டனை அழுத்தி, திரை கறுக்கும்வரை விரலை எடுக்காமல் இருந்தாள்.

"சார், போன வைக்காதீங்க."

அந்தக் குரலில் சிவசாமிக்கு ஏதோ புரிந்தது. அவள் வீட்டுக்கு ஒயர் இழுத்தவரே அவர்தான். "வைக்கலம்மா. நா வாரேன்."

ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். எதிர் கிளினிக் வாசலில் பைக்கோடு அருள்தாஸ், தோளில் எப்போதும் மாட்டும் கறுப்புப் பை. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்கி ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். தெருவைக் கடந்து இந்த வாசலுக்கு வந்தான்.

கீழே பேசுவது படிக்கட்டு வழியே கேட்டது.

"அக்கா, மேல யாரும் குடியிருக்காங்களா?"

"எந்தம்பி இருக்கான். போலீசு. நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்குறான். எழுப்பட்டா?"

காத்தாயிக்குத் தம்பியே கிடையாது.

அப்புறம் பைக் கிளம்பியது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சிவசாமி பிறகு கேட்டபோது காத்தாயி சொன்னாளாம்: "அக்கான்னு கூப்புட்டான், ஆனா எம்மொகத்தப் பாக்கல. மாடிப்படியவே பாத்தான்."

இருபது நிமிடத்தில் சிவசாமி வந்தார். பிளெஸ்ஸி கதவுக்குப் பின்னால், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே அவர் வண்டியில் அவளையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவன் கிளினிக்குக்கு மட்டும் வந்தவன், குடிவர வீடு விசாரித்தான் என்பது ஒன்று. அதை நானே நம்பவில்லை. அவள் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறாள் என்பது இன்னொன்று. அது என் ஆசை. மூன்றாவதுதான் நடந்தது.

சிவசாமி மூலம் அவளிடம் அனுமதி கேட்டேன். "ஊர மாத்தச் சொல்லுங்க, வேலைய மாத்தச் சொல்லுங்க. வெரல மட்டும் மாத்த வேணாம். அவரு படிச்சா தெரியணும்" என்று சொல்லி அனுப்பினாள். ஆகவே இது கீரனூர் இல்லை. டைப் வேலையும் இல்லை.

போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் இதுவரை உள்ளதை வாசித்தேன். நேற்றுச் சாயங்காலம் ஒரு போன் வந்தது. மரியாதையான, மெல்லிய குரல்.

"கதை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க சார். அந்தப் பொண்ணு இப்ப சௌக்கியமா இருக்காளா?"

"கதைதானேங்க."

"ஆமாங்க, கதைதான்." என்றான். "அவ இப்ப இருக்குற ஊரு பேரு மட்டும் சொல்லுங்க சார்."

வைத்துவிட்டேன். மூன்றாவது முடிவு இப்படித் தொடங்கியிருந்தது:

"அவள் இப்போது இருப்பது

(மீதியை அழித்துவிட்டேன். நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இதைப் படிக்கிறவர்களில் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது.)