இரண்டாம் சங்கு

மாணவர்கள் தன்னை முதுகுக்குப் பின்னால் 'ஏழாம் விதி' என்று கூப்பிடுவது கமலவேணிக்குத் தெரியும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அந்த விதியை எழுதியதே அவள்தானே!

முதலியார்பேட்டையில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் அவள் ராஜ்ஜியம். வாசலில் கழற்றிப் போடும் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட, திருப்பி அனுப்பி நேராக வைக்கச் சொல்வாள். கல்லூரிக் கம்ப்யூட்டர்களை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று பன்னிரண்டு விதிகளை எழுதி, முதல்வரிடம் ஒப்புதல் வாங்கி, ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒட்டியிருந்தாள். ஏழாவது விதி: சொந்தக் காரியத்துக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. மீறினால் லாகின் ஒரு மாதம் முடக்கப்படும். 'யாருக்கும் விலக்கு கிடையாது' என்ற கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். அந்த வரியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் லேப் கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் கல்யாண வீடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அப்பாவால் வந்தது.

அப்பா பலராமன் மில் தொழிலாளி. மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கேட்டுக்குள்ளே மரம் முளைத்து, அந்த மரத்தில் காக்கா கூடு கட்டியும் ஆயிற்று. அதையெல்லாம் பற்றி அப்பா ஒருநாளும் புலம்பியதில்லை. போன மாசம் காபி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று டம்ளரைக் கீழே வைத்தார்.

"கமலா, நம்ம மில்லு சங்கு எப்டி ஊதும்?"

"எப்டின்னா? ஊ...ன்னு ஊதும்."

"அதான் எப்டி? நேத்து படுத்துக்கினு யோசிச்சுப் பாத்தேன். வர மாட்டுது. முப்பத்தோரு வருசம் கேட்ட சத்தம்மா. மண்டைக்குள்ள வர மாட்டுது."

அதற்குப் பிறகு அதே கவலைதான். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டார். ஆளுக்கொரு விதமாக ஊதிக் காட்டினார்கள். எதுவும் சரியில்லை என்றார். சாப்பிடும்போது கை பாதியில் நின்றுவிடும். காதுக்குள் எதையோ தேடுகிற முகம்.

கமலவேணிக்கு அப்போதுதான் தன் கல்யாணம் ஞாபகம் வந்தது.

அந்தக் கதை அவர்கள் தெருவில் பிரசித்தம். மில்லில் காலை ஷிப்டுக்கு இரண்டு சங்கு. முதல் சங்கு கிளம்பச் சொல்லும். இரண்டாம் சங்கு ஓடச் சொல்லும். அது ஓய்வதற்குள் கேட்டைத் தாண்டாதவனுக்கு அன்றைய கூலி போச்சு. முகூர்த்த நேரம் பார்த்த ஐயருக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை. மாப்பிள்ளை கலைவாணன் தாலியைக் கையில் எடுக்கவும் இரண்டாம் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. மண்டபத்தில் பாதி ஆண்கள் எழுந்து ஓடினார்கள். சும்மா ஓடவில்லை. ஓடிக்கொண்டே திரும்பி அட்சதையை வீசினார்கள். வாசற்படியிலிருந்து, சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்து விழுந்தது அரிசி. பெண்ணைப் பெற்ற பலராமனும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு அடி ஓடிவிட்டார். அம்மா போட்ட சத்தத்தில்தான் தனக்கு அன்றைக்கு லீவு என்று நினைவுக்கு வந்து திரும்பினார்.

எல்லாம் வீடியோவில் இருந்தது. எடுத்தவர் உசேன் பாய். காந்தி வீதியில் இன்னமும் கடை வைத்திருக்கிறார். கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படம் பூராவும் பூஞ்சை பூத்துடுச்சும்மா. தேறாது. சத்தம் வேணா எடுத்துத் தரேன். ஆனா சங்கு மேலயே நாயனமும் தவுலும் உக்காந்திருக்கு. அதைப் பிரிக்கற வித்தை எங்கிட்ட இல்ல."

அந்த வித்தைக்கான சாப்ட்வேர் ஊரில் வேறு எங்காவது இருந்திருக்கலாம். கமலவேணிக்குத் தெரிந்து இருந்தது தன் லேபில்தான்.

"மேடம்."

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினாள். செம்மல் நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் ஆண்டு. பிள்ளைச்சாவடிக்காரன். படகில் கட்டுகிற ஸ்பீக்கரிலிருந்து கோயில் மைக்செட் வரைக்கும் சத்தம் வருகிற எதையும் விடமாட்டான். போன வருஷம் பாட்டு டவுன்லோடு செய்ததற்காக அவன் லாகினை ஒரு மாதம் முடக்கியவள் அவள்.

"கதவு சாத்தியிருக்குல்ல? எப்டி வந்தே?"

"தாப்பா போடல மேடம்." திரையை எட்டிப் பார்த்தான். பிறகு திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். "இது பாடத்துல வருதா மேடம்? கெட்டி மேளம்?"

"வாய மூடு."

"இல்ல, ஏழாவதுல ஏதோ படிச்ச ஞாபகம்..."

"நீ எங்க படிச்சே? லாகின் போடும்போது எல்லாரும் படிக்காமதான 'ஏற்கிறேன்'னு அமுக்கறீங்க."

சொல்லிவிட்டாளே தவிர முகம் சிவந்துவிட்டது. மறைத்துப் பயனில்லை என்று விஷயத்தைச் சொன்னாள். அவன் கிண்டலை விட்டுவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"சூப்பரா இருக்கு மேடம்! நாயனம் மேல நிக்குது, சங்கு கீழ நிக்குது. பிரிச்சுடலாம். தவுல் போயிடும். நாயனம் ஒரு துளி ஒட்டும், அதை ஒண்ணும் செய்ய முடியாது."

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் செய்து கொடுத்துவிட்டான். கமலவேணி அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வண்டியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினாள்.

அப்பாவை உட்காரவைத்து, போனை அவர் காதருகே பிடித்தாள்.

பலராமன் முழுக்கக் கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். பிறகு போனை மெதுவாக மகளிடமே தந்தார்.

"இது கொசு மாதிரி கத்துதும்மா."

"அப்பா, இது நெஜமான சங்குப்பா. என் கல்யாணத்தன்னிக்கு ஊதினது."

"இருக்கும். ஆனா சங்கு கைக்குள்ள அடங்குமா? அது ஊருக்கே கேக்கணும். எனக்கு மட்டும் கேட்டா அதுக்குப் பேரு சங்கா?" மகளின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "நீ இவ்ளோ பாடுபட்டதே போதும். டீ போடு" என்றார்.

மறுநாள் செம்மல் ஆவலாகக் கேட்டபோது அவள் அப்படியே சொன்னாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

"போனுக்கு ஏது அவ்ளோ தொண்டை? நம்ம காலேஜ் பெல்லு மாதிரி இருந்தா சரி. மொட்டை மாடி ஸ்பீக்கர்ல அடிக்கறது எங்க தெரு வரைக்கும் கேக்குது."

கல்லூரி மணி அடிப்பதும் அவள் கம்ப்யூட்டர்தான். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஃபோல்டர். அதில் எந்த ஒலியைப் போட்டாலும் நேரத்துக்கு அது மாடியிலிருந்து முழங்கும். அவள் லாகின் இல்லாமல் யாரும் அதில் கைவைக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து முதல்வர் அறையிலிருந்து போன். புரொஜக்டர் வேலை செய்யவில்லையாம். கமலவேணி எழுந்து ஓடினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தை அன்றைக்குச் செய்தாள். லாகினை மூடாமல் போனாள்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் கல்லூரி கேட்டுக்குள் வண்டியை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

மணிக்குப் பதில் மாடியிலிருந்து சங்கு ஊதியது.

கீழிருந்து எழும்பி, மேலே போய், அங்கேயே நின்றது. மரத்திலிருந்த காக்கா எல்லாம் கிளம்பின. கமலவேணி வண்டியை நிறுத்தினாள். ஒரு நொடி கழுத்தில் மாலை கனத்தது. காதில் அம்மாவின் சத்தம். அரிசி வந்து விழுகிறதோ என்று தோளைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

தெருவில் கதவுகள் திறந்தன. பனியனோடு ஒருவர், பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர், பேத்தியின் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டியபடி ஒருவர். எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஒருவர் நடக்க ஆரம்பித்தார். எல்லாரும் நடந்தார்கள். நடை வேகமாயிற்று. மில் இருக்கும் திசையில்.

அவளை உரசுகிற மாதிரி ஒரு சைக்கிள் போனது. பலராமன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா!"

அவர் காதில் விழுந்தால்தானே.

ஐயோ, மில் திறந்துவிட்டது என்று நினைத்துவிட்டாரா? பூட்டிய கேட்டைப் பார்த்தால் மனசு என்ன பாடுபடும்? பின்னாலேயே போக வண்டியைத் திருப்பினாள். அதற்குள் பியூன் ஓடிவந்தார். "மேடம், முதல்வர் உடனே கூப்பிடறார்."

முதல்வர் கிருஷ்ணசாமி கோயமுத்தூர்க்காரர். அவருக்கு மில்லும் தெரியாது, சங்கும் தெரியாது. அக்கம்பக்கத்திலிருந்து வந்த போன்கள்தான் தெரியும். தீ விபத்தா, புயலா, சுனாமியா என்று கேட்கிறார்களாம். மேஜைக்கு எதிரே செம்மல் தலையைக் குனிந்து நின்றான். நேற்று லேபில் தனியாக இருந்தவன் அவன்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கமலவேணி, இவன் லாகினை முடக்குங்க. இன்னிக்கே."

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் ஒரு பெரிய கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வருகிறது. தேர்வு லேபில்தான், அவரவர் லாகினில்தான். லாகின் போனால் செம்மலுக்கு வேலையும் போச்சு.

"சார், பெல் ஃபோல்டரை அவன் லாகின்ல தொட முடியாது. அது என் லாகின்."

"உங்க லாகின் இவன் கைக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் மூடாம போனேன். அந்தச் சத்தமும் நான் கொண்டுவந்ததுதான். எங்க அப்பாவுக்காக. சொந்த வேலை."

"மேடம், அப்டி இல்ல சார், நான்தான்..." என்று ஆரம்பித்தான் செம்மல்.

"நீ சும்மா இருடா. ஒரு லாகின்ல எது நடந்தாலும் அந்த லாகினுக்கு உரியவங்கதான் பொறுப்பு. நாலாவது விதி. அதையும் படிக்காமதான அமுக்கினே?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

"விதியை எழுதினது நீங்க."

"ஆமா சார். யாருக்கும் விலக்கு கிடையாதுன்னு எழுதினதும் நான்தான்."

"அப்ப ஒரு மாசம் லைப்ரரியில உக்காருங்க. இவன இனிமே நான் லேப் பக்கம் தனியா பாக்கக் கூடாது. போங்க."

லேபுக்கு வந்து முதலில் பழைய மணியை அதனிடத்தில் வைத்தாள். பிறகு தன் பெயரைத் தேடி எடுத்தாள். அதை முடக்கும் அதிகாரம் அந்தக் கல்லூரியில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அமுக்கினாள். திரை அவளை வெளியே தள்ளியது.

வாசலில் செம்மல் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேடம், உங்க அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நீ ஒழுங்கா பரிட்சைக்குப் படி. செருப்ப நேரா வை."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது பயந்துகொண்டேதான் நுழைந்தாள். பலராமன் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டார்.

"காலையில எங்கப்பா போனீங்க?"

"மில்லுக்குத்தான்."

"அது பூட்டியில்ல கெடக்கு?"

"தெரியுமே. எல்லாருக்குந்தான் தெரியும். சங்கு ஊதினப்புறம் வீட்டுல உக்கார முடியுமா?" அப்பளத்தை நொறுக்கினார். "வடிவேலு வந்தான். கமலக்கண்ணன் மூஞ்சில சோப்போட வந்து நிக்கறான். கால் வீங்கிப் போன தேவதாஸ் ஆட்டோ புடிச்சு வந்தான்மா! எட்டரைக்கு எந்த ஷிப்டுன்னு ஒரே சண்டை. அப்புறம் வடிவேலுதான் சொன்னான்: ரெண்டாம் சங்கு ஓஞ்சப்புறம்தான வந்தோம், கேட்டு சாத்தாம இன்னா பண்ணுவான்னு. எல்லாரும் சிரிச்சு சிரிச்சு... லேட்டா வந்தவன் எல்லாம் வழக்கமா போற டீக்கடைக்குப் போனோம். மத்தியானம் வரைக்கும் அங்கதான்."

கமலவேணி மோரை எடுத்து வைத்தாள்.

"சங்கு சரியா இருந்துச்சாப்பா?"

"அதேதான். ஊருக்கே கேட்டுச்சு பாரு." சாப்பாட்டைப் பிசைந்தவர் கையை நிறுத்தினார். இந்த முறை எதையும் தேடுகிற முகமில்லை. "நடுவுல லேசா நாயனம் கேட்டுச்சு. மத்தவனுங்களுக்குத் தெரியல. நானும் சொல்லல."

கமலவேணி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு ஏதும் கொடைச்சல் இல்லையே?"

"ஒரு மாசம் லேப் கெடையாது. லைப்ரரி."

பலராமன் கண்ணை அகல விரித்தார்.

"சஸ்பென்சனா?"

"அப்டித்தான் வச்சுக்குங்களேன்."

"நான் ரெண்டு தடவ வாங்கியிருக்கேன்" என்றார், மோரை ஊற்றிக்கொண்டே. குரலில் சந்தோஷம் வழிந்தது. "எல்லாம் ரெண்டாம் சங்குக்கு லேட்டா போய்த்தான்."